தரிசில் கிலுகிலுப்பை வளர்க்க: திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

மாசி பிறந்தபின் திருநெல்வேலிச் சீமையின் மேட்டுத் தரிசுகளில் நடப்பவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். முழங்கால் உயரத்துக்குமேல் காய்ந்து நிற்கும் ஒரு செடி வேட்டியில் உரசும். உடனே அதன் காய்களுக்குள் விதைகள் உருண்டு, பிள்ளையின் கையில் இருக்கும் கிலுக்கைப் போலச் சலசலக்கும். அதுதான் கிலுகிலுப்பை. சலங்கைச் செடி என்றும் சிலர் சொல்வார்கள். அந்தச் சத்தம் வரும்போது செடி செத்துப்போயிருக்கும். ஐப்பசி மழையில் முளைத்து, மார்கழி, தை மாதங்களில் பூத்து, காய் முற்றியதும் காய்ந்துவிடும் ஒரு பருவச் செடி அது. மேலே நிற்பது வெறும் குச்சி. உயிர் முழுவதும் காய்க்குள் உருளும் அந்த விதைகளில் இருக்கிறது.

சொந்தமாகக் கொஞ்சம் தரிசு நிலமோ, தோட்டத்து வேலியோரமோ, பள்ளிக்கூட வளாகத்தின் ஒரு மூலையோ கைவசம் வைத்துக்கொண்டு, அதில் இந்த மண்ணுக்கே உரிய காட்டுப் பூவைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டக்கலையில் முன்னனுபவம் எதுவும் தேவையில்லை. தண்ணீர் வசதியும் உரமும் மருந்தும் வேண்டாம். தேவைப்படுவது ஓராண்டு பொறுமையும், விதையைப் பற்றிய ஒரு தெளிவும் மட்டுமே. அந்தத் தெளிவைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் எளிய வேலைகள்.

எந்தக் கிலுகிலுப்பை

இந்தப் பெயரில் நம் ஊரில் பல செடிகள் உண்டு. அவற்றின் பேரினத்துக்குத் தாவரவியலில் குரோட்டலேரியா என்று பெயர். கிலுக்கு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. எங்கோ இருந்த கிரேக்கனும் இங்கே இருந்த நம் முன்னோரும் ஒரே சத்தத்தைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இந்தக் கட்டுரையில் நான் சொல்வது நீலப்பூ பூக்கும் வகையை. 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் குரோட்டலேரியா வெருகோசா என்று பெயரிட்டார்.

அடையாளம் காண்பது கடினமல்ல. தண்டைப் பிடித்து விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். உருளாது, நாற்பட்டையாகக் கையில் தட்டும். தண்டு நேராகப் போகாமல் கணுவுக்குக் கணு சற்று வளைந்து நெளிந்து ஏறும். இலை தனி இலை, அகன்றது. இலைக்காம்பின் அடியில் பிறை வடிவில் இரண்டு சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். பூ அவரைப்பூவின் சாயலில், வெளுத்த நீலமும் ஊதாவும் கலந்து, நுனிக்கொத்தில் பத்துப் பதினைந்தாக நிற்கும். காய் ஒன்றரை அங்குல நீளம் வரை வளரும். ஊதிய பை போன்றது. மேலே மெல்லிய மயிர் இருக்கும்.

மஞ்சள் பூவுடனும், நுனி சற்று உள்வாங்கிய நீண்ட இலையுடனும், மயிரில்லாத காயுடனும் இருந்தால் அது இதன் உறவான குரோட்டலேரியா ரெட்டூசா. அதற்கும் இந்த வழிமுறை பொருந்தும். மூன்று மூன்று இலைகளாக வந்தால் அது வேறு செடி, அதை விட்டுவிடுங்கள். உரக்கடையில் பசுந்தாள் உரத்துக்காக விற்கும் சணப்பும் இதே குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் அது சாகுபடிப் பயிர். கிலுகிலுப்பை விதை கிடைக்கவில்லை என்று சணப்பைத் தூவிவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பூ வரும், வண்டும் வரும். ஆனால் நீங்கள் மீட்க நினைத்த காட்டுச் செடி அதுவாகாது.

வறட்சியையும் தீயையும் தாண்டி வரும் விதம்

நம் சீமையில் மேற்கே களக்காடு மலையடிவாரத்திலிருந்து கிழக்கே திசையன்விளையின் செம்மணல் மேடான தேரி வரை நிலம் ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. அதில் புல் இடுப்பளவு வளரும். தையில் பனி; புல் பழுக்கும். மாசி, பங்குனியில் அது சருகாகிவிடும். பிறகு எங்கிருந்தாவது ஒரு பொறி வந்து விழும். புதுப்புல் வரட்டும் என்று சிலர் தாமே கொளுத்துவதுண்டு; அணைக்காத பீடித் துண்டும் போதும். பனங்காட்டுக்குள் காய்ந்த ஓலை தொங்கும் மரம் ஒன்று பற்றிக்கொண்டால் அப்புறம் காற்றின் விருப்பம்தான்.

கிலுகிலுப்பை இந்த ஒழுங்குக்குத் தக்கபடி தன் ஆயுளை வகுத்துக்கொண்டிருக்கிறது. தீ வரும் மாதத்தில் அதற்குப் பச்சை உடம்பே இல்லை. காய் வெடித்து உதிர்ந்த விதை மண்ணுக்குள் போய்விட்டிருக்கும். மண் வெப்பத்தை எளிதில் கீழே கடத்துவதில்லை. புல் தீ வேகமாகக் கடந்து போகும். ஆகவே ஒரு விரல் அகலம் ஆழத்தில் கிடக்கும் விதைக்கு அது சுட்டெரிக்கும் தீயாகச் சேர்வதில்லை, இளஞ்சூடாகவே சேர்கிறது. காயிலேயே தங்கிவிட்ட விதைகள் எரிந்துபோகும். உதிர்ந்தவை பிழைக்கும்.

விதையின் மேல்தோல்தான் இங்கே முக்கியம். அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பலவற்றைப் போல இதன் தோலும் தண்ணீர் புகாதது. நல்ல விதை ஒன்றை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் வைத்தாலும் கல்லைப் போலவே கிடக்கும். தோலில் ஒரு நுண்ணிய இடம் உண்டு. வெப்பம் பட்டோ, கோடையின் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கியோ, மண்ணில் உரசியோ அந்த இடம் திறந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். எல்லா விதைக்கும் ஒரே ஆண்டில் அது திறப்பதில்லை. சில இந்த ஐப்பசியில் முளைக்கும், சில அடுத்த ஐப்பசியில், இன்னும் சில அதற்கும் அப்பால். ஒரு பருவம் பொய்த்தால் குலம் அழிந்துவிடாது. இதைத் தீயை விரும்பும் செடி என்று சொல்ல நான் துணியமாட்டேன்; தீ வந்தாலும் வராவிட்டாலும் வழி வைத்திருக்கும் செடி என்பதே சரி.

சணப்பை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரம் கிடைத்தால் மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் முழுதாக முளைத்துவிடும். தலைமுறை தலைமுறையாக உழவன் ஒரே நாளில் முளைப்பதையே பொறுக்கி விதைத்து வந்ததால் அந்தத் தூக்கம் அதற்குப் போய்விட்டது. உழவனுக்கு அது நல்லது. தரிசில் தானே நின்று பிழைக்க வேண்டிய செடிக்கு அந்தத் தூக்கமே சொத்து.

விதை சேகரித்தல்

மாசி முதல் பங்குனி நடுவரை விதை எடுக்கும் காலம். காயை ஆட்டிப் பார்த்துச் சத்தம் வந்தால் மட்டும் பறியுங்கள். பச்சைக் காயைப் பறித்து வெயிலில் காயப்போட்டால் விதை சுருங்கிவிடும், முளைக்காது. காலைப் பனி காய்ந்தபிறகு, பத்து மணிக்கு மேல் போனால் காய் மொறுமொறுப்பாக இருக்கும்.

எங்கே எடுப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்துக்குள்ளும் ஒரு காயைக்கூடத் தொடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே அனுமதியின்றிச் செடி கொடிகளை எடுப்பது குற்றம். சாஸ்தா கோயில் காடுகளில் கோயில்காரரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சாலையோரம், ஓடைக்கரை, குளத்தங்கரையின் வெளிச்சரிவு, உங்கள் ஊரில் உழாமல் கிடக்கும் விளை ஆகியவை போதும். அங்கேயும் ஒரு செடியின் பத்துக் காயில் மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே செடியில் எடுப்பதைவிட இருபது முப்பது செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. விதைகளின் இயல்பு பலவிதமாக இருக்கும்.

கூடியவரை உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில், அதே வகை மண்ணில் நிற்கும் செடியிலிருந்தே எடுங்கள். சங்கரன்கோவில் கரிசலில் எடுத்த விதையை நாங்குநேரிச் செவலில் போட்டால் முளைக்காது என்றில்லை. ஆனால் பக்கத்து மண்ணில் பிழைத்துக் காட்டிய செடியின் பிள்ளைக்கு உங்கள் மண்ணில் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு சென்ட் நிலத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 190 குழிகள் வரும். குழிக்கு நான்கு விதை என்றால் 800-க்குச் சற்றுக் குறைவு. ஒரு காயில் பத்துக்கு மேல் விதை இருக்கும் என்பதால் எழுபது எண்பது காய் ஒரு சென்ட்டுக்குத் தாராளம். காயைத் துணிப்பைக்குள் போட்டுக் கையால் நொறுக்கி, சொளவில் இட்டுப் புடைத்தால் தோல் பறந்து விதை தங்கும். ஓட்டை விழுந்த விதைகளையும் மங்கிய சுருங்கல்களையும் பொறுக்கி எறியுங்கள். ஓலைக்கொட்டானிலோ துணிப்பையிலோ போட்டு, தேதியும் எடுத்த இடமும் எழுதிக் காற்றோட்டமான இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாதியை எழுப்புங்கள், பாதியைத் தூங்க விடுங்கள்

புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான், நானும் தவறினேன். முதல் ஆண்டு எதுவும் செய்யாமல் விதையைத் தூவினேன். கைநிறையத் தூவியதில் விரல் விட்டு எண்ணும் அளவே முளைத்தது. அடுத்த ஆண்டு வெந்நீர் முறையைத் தெரிந்துகொண்டு, இருந்த விதை அத்தனையையும் வெந்நீரில் நனைத்துப் புரட்டாசிக் கடைசியில் பெய்த முதல் மழைக்கே விதைத்துவிட்டேன். ஐந்தாம் நாளில் அந்த மேட்டு நிலம் முழுக்க முளை கண்டது. அன்று நான் பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதன்பின் மூன்று வாரம் ஒரு துளி மழை இல்லை. இரண்டிலை விட்ட கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகுவதைத் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஐப்பசியில் நல்ல மழை வந்தபோது முளைக்க ஒரு விதையும் மண்ணில் மிச்சமில்லை. செடி தானாகவே வைத்திருந்த காப்பை நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், முதல் ஆண்டு வீணென்று நினைத்த தூவலிலிருந்து நிலத்தின் மறுபுறத்தில் அந்த ஐப்பசியில் நாற்பதுக்கு மேல் செடி எழும்பி நின்றது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது, மற்றவர்களுக்கும் சொல்வது, இதுதான்: விதையை இரண்டு சரி பங்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் எழுப்ப வேண்டும், மறு பங்கை அப்படியே தூங்க விட்டு மண்ணில் சேர்க்க வேண்டும்.

எழுப்பும் முறை வருமாறு. விதையைப் போல நான்கு மடங்கு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, சலசலப்பு அடங்கி ஆவி மட்டும் வரும்வரை நான்கைந்து நிமிடம் பொறுங்கள். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. பிறகு விதை இருக்கும் பாத்திரத்தில் அந்த நீரை ஊற்றி, ஆறும்படி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அவிந்துபோகும். காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: தண்ணீர் குடித்த விதை ஏறக்குறைய இரட்டிப்பாகப் பருத்து, தோல் மென்மையாகி, நகம் பட்டால் வழுக்கும்; குடிக்காதது பழையபடி சிறுத்துக் கெட்டியாகப் பளபளக்கும். பருத்தவற்றைத் தனியே எடுங்கள். பருக்காதவற்றை இன்னொரு முறை வெந்நீரில் போட வேண்டியதில்லை; அவற்றைத் தூங்கும் பங்கோடு சேர்த்துவிடுங்கள். பருத்த விதையை அன்றைக்கே விதைக்க வேண்டும், மீண்டும் காயவிடக் கூடாது.

விதை ஐம்பது அறுபதுக்குள் இருந்தால் உப்புத்தாள் முறை இன்னும் உறுதியானது. விதை சிறுநீரக வடிவில் ஒரு பக்கம் குழிந்திருக்கும். முளைக்குருத்து அந்தக் குழிந்த பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே எதிர்ப்புறத்தில், வளைந்த முதுகில், நிறம் சற்று மங்கும்வரை இரண்டு மூன்று இழுப்பு உரசினால் போதும். உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியும்வரை தேய்க்காதீர்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தால் பருத்துவிடும்.

முதன்முறை செய்பவர்கள் மொத்தத்தையும் ஒரே நாளில் நனைக்காமல், இருபது விதையை மட்டும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பதினைந்துக்கு மேல் பருத்தால் வெந்நீரின் சூடு சரி என்று அறிந்துகொள்ளலாம்.

நிலமும் விதைப்பும்

செவலும் சரளும் இதற்கு ஏற்றவை. தேரி மணலிலும் வரும். கரிசல் என்றால் கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அங்கே வரப்பு மேட்டிலும் குளக்கரைச் சரிவிலும் மட்டும் விதையுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். உடைமரத்தின் அடர்ந்த நிழலில் செடி நெடுத்துச் சாய்ந்துவிடும்.

உழ வேண்டாம். ஏர் ஓட்டினால் அடியில் கிடக்கும் களை விதைகள் எல்லாம் மேலே வந்துவிடும். விதைக்கும் குழி இருக்கும் இடத்தில் மட்டும் களைக்கொத்தியால் ஒரு சாண் வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி, மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். சுற்றிலும் நிற்கும் புல் நிற்கட்டும். அது மண் அரிப்பைத் தடுக்கும், கன்றுக்குக் கொஞ்சம் ஈரக்காற்றையும் தரும். எருவும் இட வேண்டாம். இந்தச் செடி தன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும். எரு போட்டால் புல்தான் கொழுத்து இதை அமுக்கும்.

எப்போது விதைப்பது? ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பார்கள். முதல் மழையைக் கண்டு அவசரப்பட வேண்டாம். மம்பட்டியால் ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். ஈரம் அரை அடிக்கு இறங்கியிருக்க வேண்டும், வானமும் மூடி நிற்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அது ஐப்பசி நடுவில் அமையும். தென்காசி, கடையம் பக்கத்தவர்களுக்கு ஆனி ஆடியிலேயே சாரல் கிடைக்கும். அதை நம்பி விதைக்கும் ஆசை வரும். ஆனால் சாரல் ஓய்ந்தபின் ஐப்பசி வரை மழையில்லாத நீண்ட காலம் உண்டு என்பதால் அவர்களும் காத்திருப்பதே நல்லது.

ஒவ்வொரு குழியிலும் பருத்த விதை இரண்டு, தூங்கும் விதை இரண்டு இடுங்கள். ஆழம் கட்டைவிரல் நகத்தின் அளவு போதும். மண்ணை மூடிப் பாதத்தால் இலேசாக அழுத்துங்கள். அதற்குமேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

முளைத்தபின்

ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். இரண்டு தடித்த விதையிலைகள் முதலில் வரும், அவற்றின் நடுவிலிருந்து மெய்யான இலை எழும்பும். முதல் மாதத்தில் இரண்டு முறை குழியைச் சுற்றிப் புல்லைக் கையால் விலக்கிக் கொடுங்கள். குழியில் இரண்டு கன்று வந்திருந்தால் இரண்டையும் விடலாம். கார்த்திகைக் கடைசியில் செடி முழங்காலைத் தொடும்போது ஓரமாக நிற்கும் ஒன்றை மட்டும் வேரோடு பறித்து, வேரில் ஒட்டிய முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது செயல்படவில்லை. மண்ணில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது அவர்கள் கண்ணில் தெரிந்த வியப்புக்காகவே ஒரு செடியை இழக்கலாம்.

விதைத்து இரண்டு மாதத்தை ஒட்டிப் பூ வரத் தொடங்கும். பூக்காலத்தில் காலை எட்டு மணிக்குமேல் செடியருகே சிறிது நேரம் அசையாமல் உட்காருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ. அது பூவின் கீழிதழ்மேல் அமர்ந்து தன் எடையால் அழுத்தும்போது, படகு போல மூடியிருக்கும் இதழின் கூர்நுனியிலிருந்து மகரந்தம் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டும். நீங்களே செய்து பார்க்கலாம்: பூவை இடக்கையில் பிடித்து, கீழிதழை வலக்கை விரலால் மெல்லக் கீழே தள்ளினால் நுனித் துளையில் மஞ்சள் மாவு புழுப்போல எட்டிப் பார்க்கும், விரலை எடுத்தால் இதழ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிறிய ஈக்களுக்கு இந்தக் கதவு திறக்காது. பூவைச் சுற்றி வண்டே இல்லையென்றால் பக்கத்தில் பட்ட மரங்கள் இல்லாமலிருக்கலாம். தச்சுத்தேனீ காய்ந்த மரத்தைத் துளைத்துத்தான் குடியிருக்கும். காய்ந்த முருங்கைக் கட்டை, மூங்கில் துண்டு எதையாவது வேலியில் சாய்த்து வைப்பது உதவும்.

பூ முடிந்து இலை வாடும் தறுவாயில் நீல வரியன், வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகள் வாடிய இலையிலும் தண்டிலும் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். அவை தேனுக்காக வருவதில்லை. ஆண் பட்டாம்பூச்சிகள் இந்தச் செடியின் நச்சுப்பொருளை உறிஞ்சி, அதிலிருந்து பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்கிக்கொள்கின்றன. பறவைகள் தம்மைத் தின்னாமலிருக்கவும் அந்த நஞ்சே காவல். ஒடிந்து வாடிய கிளைகளில்தான் அவை அதிகம் மொய்க்கும். ஆகவே வாடிய கிளையை அழகு கருதி வெட்டிவிடாதீர்கள்.

வெள்ளைச் சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் கொண்ட சிறிய அந்துப்பூச்சியின் புழு இலையையும் காயையும் தின்னும். காயைத் துளைக்கும் நீலப் பட்டாம்பூச்சிப் புழுவும் உண்டு. புதியவர்கள் இதைக் கண்டதும் மருந்து வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். மருந்தடித்தால் தச்சுத்தேனீயும் சாகும், காயே பிடிக்காது. விதைக்காகக் குறித்து வைத்த சில செடிகளில் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் போட்டால் போதும்.

நஞ்சு பற்றி

பட்டாம்பூச்சிக்குக் காவலாக இருக்கும் அந்தப் பொருள், பைரோலிசிடின் அல்கலாய்டு, மனிதருக்கும் ஆடு மாட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும். விதையில் அது மிகுதி. 1970-களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் சிறுதானியத்தோடு குரோட்டலேரியா இனத்து விதை கலந்து, அதைச் சமைத்து உண்டவர்கள் ஈரல் நோயால் மாண்டார்கள். ஆகவே கம்பு, சாமை, குதிரைவாலி விதைக்கும் நிலத்துக்குள்ளும் அதன் வரப்பிலும் இதை வளர்க்கக் கூடாது. கிலுகிலுப்பை விதை புடைத்த சொளவைக் கழுவாமல் அரிசிக்கு எடுக்கக் கூடாது. நாட்டு மருந்தில் இதன் பெயர் வருவதைக் கேட்டுக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. தேர்ந்த சித்த மருத்துவர் பார்த்துத் தராமல் ஒரு இலையையும் வாயில் வைக்காதீர்கள்.

ஆட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் கிடை போடும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “இத ஆடு கடிக்குமா அண்ணாச்சி?” என்றதற்கு அவர், “பச்சையா நிக்கும்போது மோந்து பாத்துட்டுப் போயிரும் தம்பி. கோடையில வேற பச்சையே இல்லன்னாதான் கடிக்கும். அப்பதான் பாத்துக்கிடணும்” என்றார். கோடையில் ஆடு மேயும் நிலமென்றால் உடைமுள்ளை வெட்டி வேலியாகப் போடுங்கள். அல்லது அந்த இடத்தை விட்டு வேறு இடம் தேர்ந்தெடுங்கள்.

தீ வைக்கலாமா

விதை எழும்ப வெப்பம் உதவும் என்று படித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வைக்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நம் செவலில் பங்குனி, சித்திரை வெயில் செருப்பில்லாத காலை வைக்கவிடாது. அந்தச் சூடும் இரவுக் குளிர்ச்சியும் செய்யும் வேலையே விதைக்குப் போதுமானது. நீங்கள் வைக்கும் தீ உங்கள் வேலியோடு நிற்காது. தரையில் கூடு கட்டும் கௌதாரியின் முட்டை, பனையின் இளங்கன்று, அடுத்தவர் வைக்கோல் படப்பு என்று எல்லாவற்றையும் அது கேட்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறக்க முடியுமா?

தீ வராமல் காக்க, தை முடிவதற்குள் நிலத்தைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லை அறுத்து மண் தெரியும்படி வைத்துவிடுங்கள். அறுத்த புல்லை மாட்டுக்குப் போடுமுன் அதில் கிலுகிலுப்பை இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். அப்படியும் எதிர்பாராமல் தீ வந்து போய்விட்டால், மனமுடைந்து நிலத்தை உழுதுவிட வேண்டாம். அந்த ஐப்பசி வரை எதையும் தொடாமல் விடுங்கள்.

இரண்டாம் ஆண்டு

காய் சலசலக்கத் தொடங்கியதும் கை துறுதுறுக்கும். காய்ந்த செடி பார்வைக்கு நன்றாக இருக்காது, அண்டை வீட்டாரும் ‘குப்பையாகக் கிடக்கிறதே’ என்பார்கள். பங்குனிக் கடைசி வரை செடியை வெட்டாதீர்கள். ஒரு பங்கு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நின்ற இடத்திலேயே உதிர விடுங்கள். சித்திரையில் காய்ந்த குச்சிகளைத் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பினால் அவை மட்கும். வேரைப் பிடுங்க வேண்டாம், அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குச் சேரட்டும்.

அடுத்த ஐப்பசியில் மூன்று வகைக் கன்றுகள் ஒன்றாக எழும்பும்: நீங்கள் தூங்க விட்டவற்றில் சில, புதிதாக உதிர்ந்தவற்றில் சில, புதிதாக நீங்கள் வெந்நீரில் எழுப்பி இட்டவை. எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். வெற்றிடம் தெரியும் குழிகளில் மட்டும் விதை சேருங்கள். மூன்றாம் ஆண்டில் வெற்றிடம் குறைந்துவிட்டால் வெந்நீர் வேலையை நிறுத்திவிடலாம். கொட்டானில் மிச்சமிருக்கும் விதையைத் தேதியோடும் இடத்தின் பெயரோடும் பக்கத்து ஊரில் இதைத் தொடங்க விரும்புகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.